ரயில்வே கேட்டு இறங்கி இருக்கும்போது மோட்டார் சைக்கிள வளைச்சு ஓட்டிட்டுப் போறவங்கள என்ன சொல்றது?

தோட்டத்துப்பையன்: நேத்து காலைல ஆறே முக்கால் இருக்கும், தங்கச்சிய ஸ்கூல்ல விட போய்ட்டு இருந்தேன். டவுன் கேட்டு இறங்கியாச்சு, லைட்டு மின்னுது, மணி அடிக்குது, ஒரு அங்கிள் கப்சாய்ல, அதான் சின்ன மோட்டார் சைக்கிள்ல, நாசி லெமாக் பொட்டலம் தொங்க கம்பிய சுத்தி பாம்பு மாதிரி நெளிஞ்சு போய்ட்டாரு. அவரு அந்தப் பக்கம் ஏறி நாலு செகண்டு கூட ஆகல, ரயில் வந்துருச்சு. தங்கச்சி பின்னால இருந்து என் சட்டைய இழுத்த இழுப்புல பட்டன் தெறிச்சு விழுந்துருச்சு. நாளைக்கு அவருக்கு ஏதாச்சும் ஆச்சுனா எல்லாரும் கவர்மெண்ட திட்டுவோம், இதுல கவர்மெண்ட் என்ன பண்ணுச்சு?

லோரிக்காரன்: தம்பி, அவரு செஞ்சது சரின்னு சொல்ல வரல. ஆனா அந்த கேட்டுல பத்து பன்னண்டு நிமிஷம் நின்னு பாரு, மில்லுக்கு செம்பனைக் குலை கொண்டு போறவனுக்குத்தான் வயிறு எரியும். கேட்டாவது பரவால்ல, நம்ம தோட்டத்து உள்ரோட்டுல கேட்டும் இல்ல லைட்டும் இல்ல, நில்லுன்னு சொல்ற ஒரு பெர்ஹெந்தி போர்டு, அதையும் லாலாங் புல்லு மூடிருச்சு. நம்ம மலேசியாவுல வடக்குப் பக்கம் இரட்டைத் தண்டவாளம் போட்டப்ப மேம்பாலம் கட்டி கேட்டயே தூக்கிட்டாங்க, இப்ப அங்க ஈடிஎஸ் கரண்டு ரயிலு மணிக்கு 140ல போகுது. அங்க உள்ளவன் எல்லாம் நம்மள விட ஒழுங்கானவனா? தப்பு பண்ண வழி இல்ல, அவ்ளோதான்.

கேட்டுவீட்டு_அக்கா: அண்ணே பன்னண்டு நிமிஷமா? நான் டெய்லி துணி காயப் போட்டுக்கிட்டே பாக்கறேன், மூணு நாலு நிமிஷத்துல தூக்கிடறாங்க.

தே_தாரேக்_பாய்: அட ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் லா. நம்ம கிம்மாஸ் தும்பாட் லைன் ஒத்தைத் தண்டவாளம். ஆனா ஸ்டேஷன் கிட்ட ரெண்டா பிரியும், ஒரு ரயில் ஒதுங்கி நிக்கும் இன்னொன்னு தாண்டிப் போகும். அந்த மாதிரி நேரத்துல கேட்டு ஸ்டேஷன ஒட்டி இருக்கறதால ஒன்னு போனப்புறமும் கம்பி கீழயே இருக்கும். நம்மாளு என்ன நினைப்பான், ரயில் போச்சே இன்னும் ஏன்டா மூடி வச்சிருக்கான்னு உள்ள நுழைவான். ரெண்டாவது ரயிலு அங்கதான் மாட்டும்.

கேட்டுவீட்டு_அக்கா: அது தெரியாம இருந்தேன், சரி. ஆனா தூரத்துல தானே வருதுன்னு கணக்கு போடறாங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. பெரிய பொருளு நேரா நம்ம பக்கம் வந்தா மெதுவா வர்ற மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும். மணிக்கு 100ல வந்தாலே செகண்டுக்கு 28 மீட்டர், டிரைவர் பிரேக் போட்டாலும் இரும்பு மேல இரும்பு, பல நூறு மீட்டர் தள்ளித்தான் நிக்கும். அவரு ஹார்ன் அடிக்கலாம், வேற ஒன்னும் பண்ண முடியாது.

தோட்டத்துப்பையன்: அதான் நானும் சொல்றேன். இன்னொன்னு, கப்சாய்ல வளைஞ்சு போனா தண்டவாளத்த நேரா தாண்டாம சாய்வா தாண்டுற மாதிரி ஆயிரும். பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கும்ல, சின்ன டயரு அதுல இறங்கிருச்சுனா ஆளு கீழ. மழை பேஞ்ச இரும்பு பத்தி கேக்கவே வேணாம்.

லோரிக்காரன்: மோட்டார் கதை சரி. என் லோரிய சொல்லு. குலை ஏத்தி ஃபர்ஸ்ட் கியர்ல ஏறறேன், நடு தண்டவாளத்துல இஞ்சின் செத்துருச்சுனா என் பொறுப்பு என்ன? இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல.

தே_தாரேக்_பாய்: கியர் மாத்தாம தாண்டனும், அந்தப் பக்கம் லோரி நிக்க எடம் இருக்கான்னு பாத்துட்டு ஏறனும். செத்துருச்சுனா லோரிய விட்டுட்டு கெலிண்டானையும், அதான் கூட வர்ற உதவியாளையும், இழுத்துக்கிட்டு எறங்குங்க. ஓடறது முக்கியம், ரயில் போற பக்கம் ஓடக் கூடாது, வர்ற பக்கமா பாத்து தண்டவாளத்த விட்டு சாய்வா ஓடனும். இடிச்சா லோரி தகரம் எல்லாம் ரயில் போற பக்கம்தான் பறக்கும்.

லோரிக்காரன்: இருபது வருஷமா ஓட்டறேன், இத யாரும் சொன்னதில்ல. நான் எதிர் பக்கம்தான் ஓடிருப்பேன். ஆனாலும் லாலாங் விஷயத்த விட மாட்டேன், போர்டு தெரியாம நிக்கலனா அது டிரைவர் குத்தமா?

கேட்டுவீட்டு_அக்கா: இல்லண்ணே, அதுல உங்க பக்கம்தான். ஆனா நீங்க டெய்லி போற ரோடு, போர்டு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?

லோரிக்காரன்: எனக்குத் தெரியும். புதுசா வந்த வங்காளி டிரைவருக்கு?

தோட்டத்துப்பையன்: சனிக்கிழமை காலைல புல்லு வெட்ட பாராங் கத்தி எடுத்துட்டு வரேன், யார் வர்றீங்க? தண்டவாளத்துக்கு உள்ள போவேணாம், சம்மன் வாங்க முடியாது. ரோட்டு ஓரத்துல மட்டும்.

லோரிக்காரன்: எட்டு மணிக்கு மேல வா, பசியாறிட்டு வரேன்.