பள்ளத்தூரில் சின்ன பேக்கரி யூனிட்: நாலு லட்சத்தில் எதை முதலில் போடலாம்?

வளவுவீட்டுப்பெண்:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் எங்க ஐயா (தாத்தா) வீட்டு இரண்டாங்கட்டு (முன்கட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) சும்மா கிடக்கிறது. அங்கேயே சின்ன பேக்கரி யூனிட் போடலாம் என்று எண்ணம். இதுவரை ஓடிஜியில் (வீட்டு மின்சார ஓவன்) கேக், குக்கீஸ் போட்டு அக்கம்பக்கம் கொடுத்த பழக்கம்தான். பன் இன்னும் சரியாக வரவில்லை. கையில் நாலு லட்சம் இருக்கிறது. பிரட், பன், பப்ஸ், ரஸ்க், பிறந்தநாள் கேக் ஐந்தையும் போட்டு, புதுவயல், கோட்டையூர், காரைக்குடி டீக்கடைகளுக்குக் கொடுக்கலாமா? என்ன ஓவன் வாங்குவது? மாஸ்டர் இல்லாமல் முடியுமா? லைசென்ஸ் என்னென்ன? சித்திரை வெயிலில் மாவு ஒரு மணி நேரத்தில் புளித்துப் பொங்கிவிடுகிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

டெக்ஓவன்:

ஐந்தும் வேண்டாம் அக்கா, முதல் ஆறு மாதம் பன்னும் ரஸ்க்கும் மட்டும். பப்ஸுக்கு மார்ஜரின் மடிப்பு வேண்டும். மாவைத் தேய்க்கும் ஷீட்டர் மெஷினும் குளிர்ந்த அறையும் இல்லாமல் நம்ம ஊர் வெயிலில் மார்ஜரின் இளகி மாவோடு கலந்துவிடும், அடுக்கு வராது, டிரே முழுக்க எண்ணெய்தான் நிற்கும். கிரீம் கேக்குக்கு ஃப்ரிட்ஜ், ஷோகேஸ், அதற்குத் தடையில்லாத கரண்ட். பன் அப்படியில்லை. பன் மாவிலேயே மில்க் பன், தேங்காய் பன், ஜாம் பன் எல்லாம் வந்துவிடும். சர்க்கரை குறைவான மாவை நீளமாக உருட்டி வேகவைத்தால் அதுவே ரஸ்க்குக்கு.

ஓவன்: ஒரு டெக் (அடுக்கு), இரண்டு டிரே பிடிக்கும் கேஸ் ஓவன் போதும். மின்சார டெக் என்றால் மூன்று ஃபேஸ் இணைப்பு கேட்கும். கேஸ் ஓவனில் கரண்ட் வேலை பர்னர் கன்ட்ரோலுக்கு மட்டும், சின்ன இன்வர்ட்டர் தாங்கும். ஓடிஜியை ஃப்ளேவர் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், வியாபாரத்துக்கு ஆகாது.

கணக்கு இப்படி: 40×60 செ.மீ. டிரேயில் 60 கிராம் பன் 24 வைக்கலாம். இரண்டு டிரேக்கு 48. வேக 12 முதல் 14 நிமிடம், ஏற்றி இறக்கி சூடு திரும்ப இன்னும் 5 நிமிடம். மணிக்கு மூன்று ஈடு, ஏறக்குறைய 140 பன். காலை டீக்கடை நேரத்துக்கு 400 பன் வேண்டுமென்றால் ஓவன் வேலை மட்டும் மூன்று மணி நேரம். இதை வைத்துத்தான் எத்தனை கடை பிடிப்பது என்று முடிவு செய்யணும், கடையைப் பிடித்துவிட்டு ஓவனைப் பார்க்கக்கூடாது.

மிக்சர் 20 லிட்டர் பிளானட்டரி (கொக்கி சுழன்றபடியே பாத்திரத்தைச் சுற்றி வரும் வகை). கம்பெனிக்காரர் சொல்கிற அளவை நம்பாதீர்கள். பன் மாவுக்கு ஒரு ஈட்டில் மைதா 3 கிலோவோடு நிறுத்துங்கள், மீறினால் கியர் போகும். மூன்று கிலோவுக்கு எண்பத்தைந்து பன் வரும், ஓவனுக்கு இரண்டு ஈடு. கொக்கி இரண்டாவது வேகத்துக்கு மேல் போகக்கூடாது.

ஒரு கிலோ மைதாவுக்கு அளவு: சர்க்கரை 150 கிராம், உப்பு 14, டால்டா அல்லது வெண்ணெய் 60, பால் பவுடர் 20, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 12, தண்ணீர் 520. தண்ணீரில் 30 கிராமைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் ஊற்றுங்கள், மூட்டைக்கு மூட்டை மைதா இழுக்கிற அளவு மாறும். கொழுப்பை முதலிலேயே போடாதீர்கள், மாவு திரண்ட பிறகு போட்டால்தான் இழுவை வரும். ஒரு துண்டைப் பிய்த்து விரித்தால் கிழியாமல் ஜவ்வு மாதிரி, அந்தப் பக்கம் விரல் தெரிகிற அளவுக்கு வரணும். அதுவரை பிசையணும்.

இப்போது வெயில் விஷயம். உங்கள் மாவு புளிப்பதற்குக் காரணம் ஈஸ்ட் இல்லை, தண்ணீரின் சூடு. பிசைந்து முடித்ததும் மாவு 27 டிகிரியில் இருக்கணும். 27-ஐ மூன்றால் பெருக்கினால் 81. அதில் மைதாவின் சூடு, அறையின் சூடு, மிக்சர் உராய்வு மூன்றையும் கழியுங்கள். மைதா 33, அறை 34, உராய்வு 10 என்றால் மிச்சம் 4. தண்ணீர் 4 டிகிரியில் போகணும். குழாயில் வருவதோ 30. ஆகவே 520 கிராமில் 120 கிராமை ஐஸாகவும் 400-ஐத் தண்ணீராகவும் போடுங்கள். ஐஸை எடை போட்டு நொறுக்கிப் போடணும், குடிக்கிற தண்ணீரில் உறைய வைத்ததாக இருக்கணும். மீன் மார்க்கெட் ஐஸ் வாங்கிவிடாதீர்கள். ஈஸ்டை ஐஸ் மேல் கொட்டாமல் முதலில் மைதாவில் கலந்துவிடுங்கள். உராய்வு 10 என்பது தொடக்கத்துக்கு ஒரு அளவு. இரண்டு ஈடு போட்டு, பிசைந்த மாவில் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தால் உங்கள் மிக்சருக்கான எண் தெரிந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் ஈஸ்டை 12-லிருந்து 8 கிராமுக்கு இறக்குங்கள். பிசைந்த மாவு முதல் தடவை பொங்க அரை மணி நேரம் போதும்.

மாஸ்டர் பற்றி: ஒரே ஆளை நம்பி ஐந்து அயிட்டம் போட்டால், அவர் லீவு போடுகிற அன்றைக்குக் கடையும் லீவு. அளவுகளை எழுதித் தராசோடு வேலை செய்தால் பன்னுக்கு மாஸ்டர் தேவையில்லை, உருட்ட இரண்டு பேர் போதும். பயிற்சி வேண்டுமென்றால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பேக்கரிக்கு இரண்டு நாள் கட்டணப் பயிற்சி நடத்துவார்கள். தஞ்சாவூர் நிஃப்டெமிலும் (மத்திய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்) கேளுங்கள்.

மூணாங்கட்டு:

ஓவனுக்கு முன்னால் வீட்டைப் பேசிவிடலாம் ஆச்சி. பாட்டன் வீடு என்றால் பத்திரத்தில் எத்தனை புள்ளி (பங்குள்ள குடும்பம்) என்று பாருங்கள். நம்ம பக்கத்து வீடுகளில் ஒரு வீட்டுக்குப் பத்து பதினைந்து பங்காளிகள் இருப்பது சாதாரணம், பாதிப் பேர் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். புது மின் இணைப்பு, பேரூராட்சி தொழில் உரிமம், வங்கிக் கடன் எல்லாவற்றுக்கும் இடம் யாருடையது என்ற கேள்வி வரும். எல்லாரிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் வாங்கி, வாடகை ஒப்பந்தம் மாதிரி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லில் தொடங்கினால், கடை ஓடத் தொடங்கிய பிறகுதான் பிரச்சினை கிளம்பும். அடுத்த படைப்புக்கு (முன்னோர் வழிபாடு) எல்லாரும் கூடும்போது பேசிக் கையெழுத்து வாங்குவது சுலபம்.

ஆத்தங்குடிக் கல் தரையில் மிக்சரை நேராக வைக்காதீர்கள். அதிர்வுக்கு விரிசல் விடும், டால்டா சிந்தினால் கறை ஏறும், ஆசிட் ஊற்றிக் கழுவினால் பூ வேலை வெளுத்துப்போகும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேட்பதும் கழுவித் துடைக்கக்கூடிய வழுவழுப்பான தரை, சுவர்தான். மிக்சர், ஓவன் நிற்கிற இடத்தில் மட்டும் பழைய தரைக்கு மேல் கனமான ஷீட் விரித்து, அதன் மேல் தனி மேடை கட்டுங்கள், பின்னால் பெயர்த்தாலும் கல் பிழைக்கும். தேக்குத் தூணுக்கும் ஓவன் முதுகுக்கும் இடையே குறைந்தது இரண்டடி விடுங்கள். புகைபோக்கியை ஓட்டுக்குள் விடாமல் முற்றம் வழியாக மேலே தூக்கணும். சிலிண்டர் முற்றத்தில், நிழலில், நிமிர்ந்தபடி. வணிக சிலிண்டர் 19 கிலோ. வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டினால் பறிமுதல் ஆகும்.

முற்றம் திறந்திருப்பது காற்றுக்கு நல்லது, புறாவுக்கும் நல்லது. மேலே வலை கட்டுங்கள். மாவு மூட்டையைத் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பழைய வீட்டில் எலியை விட வண்டுதான் பெரிய தலைவலி, இருபது நாளைக்கு மேல் மைதா இருப்பு வைக்காதீர்கள்.

உரிமங்கள்: இந்த அளவு சின்ன யூனிட்டுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அடிப்படைப் பதிவு போதும். அவர்களுடைய ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே போடலாம், ஏஜென்டுக்கு இரண்டாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. 14 இலக்க எண் வரும், அதைக் கவரில் போடணும். உத்யம் (சிறுதொழில்) பதிவு இலவசம். வீட்டு மின் இணைப்பில் யூனிட் ஓட்டினால் அபராதம், டாரிஃப் மாற்றிவிடுங்கள். முட்டை போட்ட எதுவும் சட்டப்படி அசைவக் குறிதான்: பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம். பச்சைப் புள்ளி போட்டு முட்டை கேக் விற்றால் அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், புரட்டாசியில் யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் ஊரில் பேர் போய்விடும்.

இன்னொன்று, இதை நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பிஎம்ஈஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) முதல் கடன் மானியம் புதுத் தொழிலுக்கு மட்டும். 2025-26 வரையிலான திட்டப்படி பெண்களுக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம், சொந்தப் பணம் 5 சதவீதம். கடன் ஒப்புதல் வருமுன்னே மெஷினை வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டால் "ஏற்கனவே நடக்கிற தொழில்" என்று தள்ளிவிடுவார்கள். அதனால் முதலில் சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு, அப்புறம் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

ரிட்டர்ன்கணக்கு:

டெக்ஓவன் அண்ணன் சொன்ன அளவு சரி. ஆனால் பன்னும் ரஸ்க்கும் மட்டும் போட்டு டீக்கடை சப்ளையை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏனென்று கணக்காகவே பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்குத்தான், இன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ மைதாவுக்குச் சரக்குச் செலவு 73 ரூபாய் என்று வையுங்கள். 29 பன். ஒரு பன்னுக்கு இரண்டரை ரூபாய். கேஸ், கரண்ட், கவர் 70 காசு. கூலி 1 ரூபாய் 20 காசு. மொத்தம் 4 ரூபாய் 40 காசு. டீக்கடைக்கு 6 ரூபாய்க்குக் கொடுத்தால் 1 ரூபாய் 60 காசு நிற்கிறது. நூறு பன்னுக்கு 160. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கடைக்காரர் விற்காததைத் திருப்பித் தருவார், அதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். நூற்றுக்குப் பத்து திரும்பினால் லாபம் 100. இருபது திரும்பினால் 40. இருபத்தேழு திரும்பினால் பூஜ்யம். செலவு நூறுக்கும் ஆகிறது, வரவு போன பன்னுக்கு மட்டும் வருகிறது.

ஆகவே ஒவ்வொரு கடைக்கும் ஒரு நோட்டுப் பக்கம்: கொடுத்தது, திரும்பியது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, திரும்புகிற எண்ணிக்கையை மறுவாரம் குறைத்துக் கொடுங்கள். பதினோரு மணிக்குக் காலியாகி "இன்னும் இல்லையா" என்று கேட்கிற கடைதான் நல்ல கடை. திரும்பி வந்த பன்னைப் புதுப் பன்னோடு கலக்கவே கூடாது. பெட்ரோலையும் சேருங்கள், பள்ளத்தூரிலிருந்து கிளம்பி வழியில் இருக்கிற கடைகளாகப் பிடியுங்கள். எட்டு கடைக்கு எட்டுத் திசையில் வண்டி ஓட்டினால் அந்த 1 ரூபாய் 60 காசு டேங்கில் போய்விடும்.

இதை ஈடுகட்ட, ஆர்டர் எடுத்துப் போடுகிற அயிட்டம் ஒன்று வேண்டும், அதில் ரிட்டர்ன் கிடையாது. கிரீம் கேக் வேண்டாம் என்பது சரி. முட்டையில்லாத டீ கேக், நெய் பிஸ்கட், கறுப்புக் கவுனி அரிசி மாவு கலந்த குக்கீஸ் போடலாம். இங்கே தேன்குழல், மனகோலம், அதிரசத்துக்கு வீட்டுக்கு வீடு கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களோடு போட்டி போடாதீர்கள். கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று பலகார ஆர்டர் எடுக்கிறவர்களிடம் பேசி அவர்களுடைய டப்பாவில் உங்கள் பிஸ்கட் ஒரு வரிசை போகட்டும். கவுனி மாவில் குளூட்டன் (மாவை ஒட்டிப் பிடிக்கும் புரதம்) கிடையாது. மைதாவில் 30 சதவீதத்துக்கு மேல் கலந்தால் குக்கீஸ் உதிரும். மாவை நைசாக அரைத்துச் சலித்து, பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடாவிட்டால் பல்லில் நறநறக்கும்.

ஜிஎஸ்டி பற்றிப் பயம் வேண்டாம். பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. பிரட்டுக்கு வரியே இல்லை, கேக், பிஸ்கட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான்.

வளவுவீட்டுப்பெண்:

ரொம்ப நன்றி. பங்காளிகள் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஐஸ் கணக்குப்படி ஓடிஜியில் போட்டுப் பார்த்தேன், புளிப்பு வாடை போய்விட்டது. ஆனால் ஓவனை விட்டு எடுக்கும்போது உப்பி அழகாக இருக்கிற பன், ஆறியதும் மேல் தோல் சுருங்கிக் கிழவி முகம் மாதிரி ஆகிறது. மறுநாளே வறண்டும் போகிறது. கவரில் உள்பக்கம் நீர் கோத்துக்கொள்கிறது.

டெக்ஓவன்:

மூன்றுக்கும் தனித்தனிக் காரணம். தோல் சுருங்கினால், உருட்டி வைத்த பன் இரண்டாவது தடவை பொங்கியது அதிகமாகிவிட்டது, அல்லது உள்ளே வேகவில்லை. விரலால் லேசாக அழுத்துங்கள். குழி மெதுவாகப் பாதி எழும்பினால் ஓவனுக்குள் போகலாம். எழும்பாமல் அப்படியே நின்றால் தாண்டிவிட்டது. நம்ம ஊர் அறைச் சூட்டுக்குப் ப்ரூஃபர் (மாவு பொங்க வைக்கும் சூட்டுப் பெட்டி) வேண்டாம், ஆனால் மேல் தோல் காயாமல் ஈரத்துணி மூடிய ரேக் வேண்டும். வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்லாதீர்கள், சர்க்கரை இருப்பதால் வேகும் முன்னே சிவந்துவிடும். நடுவில் தெர்மாமீட்டர் 93 டிகிரி காட்டணும். எடுத்ததும் டிரேயை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கிற ஆவி வெளியேறி, சுருக்கம் குறையும்.

வறளுவது ஓடிஜியால். சூடு போதாமல் 170-இல் 25 நிமிடம் வைத்திருப்பீர்கள், ஈரமெல்லாம் போயிருக்கும். டெக் ஓவனில் 200 டிகிரி, 13 நிமிடம் என்றால் இது வராது. நீர் கோப்பது சூட்டோடு கவர் போடுவதால். கம்பி ரேக்கில் ஒன்றரை மணி நேரம் ஆறட்டும். ஃபேன் காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் வெடிக்கும்.

பிரட் பிறகு தொடங்கும்போது நினைவில் இருக்கட்டும்: வெயில் காலத்தில் துண்டைப் பிய்த்தால் நடுவில் பிசுபிசுவென்று நூல் இழுத்து, அழுகின பழ வாடை அடித்தால் அது பூஞ்சை இல்லை, மாவிலிருந்து வருகிற பாக்டீரியா. ஓவன் சூட்டிலும் சாகாது. அந்த ஈட்டை மொத்தமாகக் கொட்டிவிட்டு மேசை, கத்தி, ரேக் எல்லாவற்றையும் வினிகர் தண்ணீரில் துடைக்கணும். பழைய பிரட்டைத் தூளாக்கி அடுத்த மாவில் சேர்க்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு, அது இந்தக் கிருமியை ஈட்டுக்கு ஈடு கடத்தும். இம்ப்ரூவர் (மாவின் தன்மையை மேம்படுத்தச் சேர்க்கும் தூள்) வாங்கும்போது பொட்டாசியம் புரோமேட் இல்லை என்று கவரில் பாருங்கள், 2016-லேயே தடை செய்தாகிவிட்டது. பெயரில்லாத பொட்டலத்தில் விற்கிற இம்ப்ரூவரைத் தொடவே வேண்டாம்.

மூணாங்கட்டு:

தண்ணீரையும் ஒரு தடவை சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள் ஆச்சி. குடிநீர்ச் சோதனை அறிக்கையை ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. போர் தண்ணீர் ரொம்பக் கடினமாக இருந்தால் மாவு இறுகி, பொங்கத் தாமதமாகும், நீங்கள் ஈஸ்ட் மேல் பழி போடுவீர்கள். குடிநீர் கேனில் ஒரு ஈடும் போர் தண்ணீரில் ஒரு ஈடும் போட்டு, பொங்குகிற நேரத்தைக் குறித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பிசைய மட்டும் கேன் தண்ணீர். 400 பன்னுக்கு ஏழரை லிட்டர் கூட ஆகாது.