பத்மினியின் ஸ்டியரிங்குக்கு என்ன நிறம்?

குழு: குன்னூர் வீடு

சனிக்கிழமை

கவிதா: [படம்] எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் பழைய பத்மினி கார் மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டது. என்ஜின், பிரேக் இரண்டும் சரி. ஸ்டியரிங்கைத்தான் தொட முடியவில்லை. கறுப்புப் பூச்சு செதில் செதிலாக உரிகிறது, பிடித்தால் பிசுபிசுக்கிறது. பெட்போர்டு வரை போய்வந்தால் என் கை அடுப்புக்கரி அள்ளிய கை போல ஆகிவிடுகிறது. நிறத்தை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். என்ன நிறம், எப்படிச் செய்வது, சொல்லுங்கள்.

பிரபு: சிவப்பு அக்கா. யோசிக்கவே வேண்டாம்.

அம்மா: சிவப்பா? அது என்ன தீயணைப்பு வண்டியா? கறுப்பே இருக்கட்டும். அழுக்குத் தெரியாது.

கவிதா: அழுக்குத் தெரியாமல் இருந்துதான் அம்மா இந்த நிலைக்கு வந்திருக்கிறது.

கோத்தகிரி அத்தை: பெயின்ட் எதற்குக் கண்ணு? கம்பளி நூலில் நல்ல உறையாகப் பின்னித் தருகிறேன். மார்கழிக் குளிருக்குக் கையும் இதமாக இருக்கும். என்னிடம் நீல நூல் மீதம் இருக்கிறது.

அம்மா: நல்ல யோசனை அண்ணி. செலவும் இல்லை.

மணி மாமா, மேட்டுப்பாளையம்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா, கம்பளி மட்டும் வேண்டவே வேண்டாம். பத்மினியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. இங்கிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் தோள்பட்டை வரை பலம் போட்டுத் திருப்ப வேண்டும். அந்த நேரத்தில் உறை மட்டும் கையோடு சுற்றி, உள்ளே இருக்கும் வளையம் நின்ற இடத்திலேயே நின்றால் வண்டி எங்கே போகும்? கம்பளி மட்டுமில்லை, கடையில் தொங்கும் மாட்டு உறைகளும் அளவு சரியில்லாவிட்டால் அப்படித்தான். உறைதான் வேண்டும் என்றால் வளையத்தின் மேலேயே இழுத்து நூல் கோத்துத் தைக்கும் தோல் உறை போடலாம். பத்மினியின் வளையம் மெல்லியது. அதற்கு அளவாக வெட்டித் தைக்க வேண்டும்.

கோத்தகிரி அத்தை: சரி மணி. உன் கடைக்கு வருகிறவர்களிடமும் இப்படித்தான் பேசுவாயா?

மணி மாமா, மேட்டுப்பாளையம்: அவர்களிடம் இன்னும் சத்தமாகப் பேசுவேன் அக்கா.

பிரபு: நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் போட்டுத் துடைத்தால் பழைய பெயின்ட் வந்துவிடும். பிறகு கடையில் ஒரு ஸ்பிரே டப்பா வாங்கி அடித்தால் அரை நாளில் வேலை முடிந்தது.

பெரியப்பா, அருவங்காடு: பிரபு, நிறுத்து. கவிதா, அந்தத் திரவத்தை வண்டி அருகே கொண்டுபோகாதே. அதில் இருப்பது அசிட்டோன். அந்தக் காலத்து ஸ்டியரிங் என்பது உள்ளே இரும்புக் கம்பி, அதன் மேல் வார்த்த பிளாஸ்டிக். பல பிளாஸ்டிக் வகைகள் அசிட்டோன் பட்டால் இளகும். பூச்சை எடுக்கப் போய் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடுவாய். முதலில் வெதுவெதுப்பான நீரில் சோப்புக் கலந்து துடை. பிறகு ஸ்போக்கின், அதாவது நடுவையும் வளையத்தையும் இணைக்கும் கையின், பின்புறம், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில், வெள்ளைத் துணியில் கொஞ்சம் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பார். துணியில் கறுப்பு ஏறினால், அது மேலே யாரோ பூசிய பெயின்ட். ஏறாவிட்டால் பிளாஸ்டிக்கின் நிறமே கறுப்பாக இருக்கலாம். இது தெரியாமல் மேற்கொண்டு எதையும் பேசிப் பயனில்லை.

கவிதா: இதோ பார்த்துவிட்டு வருகிறேன் பெரியப்பா.

அம்மா: அதற்கு முன் கடையில் கொத்தமல்லி வாங்கி வா.

கவிதா: [படம்] கறுப்பு வந்துவிட்டது! ஹாரன் வயர் நுழையும் இடத்தில், ஸ்போக்கின் அடியில், நகக்கண் அளவு தெரிகிறது பாருங்கள். உள்ளே தந்த நிறம். ஓரத்தில் மயிரிழை போல விரிசல்களும் இருக்கின்றன.

பெரியப்பா, அருவங்காடு: நினைத்தேன். அப்பா வாங்கும்போது இந்த நிறம்தான். விரிசலை மறைக்கத்தான் பிறகு யாரோ கறுப்பு அடித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் காலப்போக்கில் சுருங்கும், உள்ளே இருக்கும் இரும்பு சுருங்காது. அதனால் முதலில் வெடிப்பது வளையமும் ஸ்போக்கும் சேரும் இடம்.

கவிதா: அப்படியானால் தந்த நிறம்தான். முடிவு செய்துவிட்டேன்.

பிரபு: ஜனநாயகம் என்று ஒன்று இருக்கிறது அக்கா.

கவிதா: வண்டி என் பெயரில் இருக்கிறது பிரபு.

அம்மா: நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டாமா? ஏற்கெனவே அந்த வண்டிக்குக் காகிதம் தூக்கியே கால் தேய்ந்துவிட்டது.

மணி மாமா, மேட்டுப்பாளையம்: ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், இருப்பது வண்டியின் வெளி நிறம் அக்கா. அதை மாற்றினால்தான் சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கின் நிறத்தை எவரும் கேட்க மாட்டார்கள்.

பெரியப்பா, அருவங்காடு: இன்னொன்று. வண்டி 1978. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்குப் பழம்பெரும் வாகனம் என்று தனிப் பதிவு தர 2021இல் விதி வந்தது. சேஸி, பாடி, என்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாமல் இருக்க வேண்டும். 2028 வரை எல்லோரும் பொறுமையாக இருங்கள். குறிப்பாக பிரபு.

பிரபு: நான் என்ன செய்தேன்?

பெரியப்பா, அருவங்காடு: இன்னும் ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

கவிதா: சரி, ஸ்பிரே டப்பா வாங்கி வராந்தாவில் அடித்துவிடலாமா?

பெரியப்பா, அருவங்காடு: ஐப்பசி அடைமழையில் குன்னூரில் பெயின்ட் அடிப்பதா? வடகிழக்குப் பருவமழை நம் பக்கம்தான் கொட்டும் என்பது உனக்குத் தெரியாதா? பெயின்டில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது பூசிய பரப்பு இன்னும் குளிரும். காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிந்துவிடும். காய்ந்த பிறகு பார்த்தால் பளபளப்பு போய் வெளுத்து மங்கியிருக்கும். என்.சி. பெயின்டில் இது அதிகம். என்.சி. என்றால் நைட்ரோசெல்லுலோஸ். கார்டைட் தொழிற்சாலையில் நான் வேலைநாள் முழுக்கப் பார்த்த சரக்கு அதுதான். வெடிமருந்துக்கும் அதுவே, மேசைக்குப் பூசும் லாக்கருக்கும் அதுவே, நைட்ரஜன் அளவுதான் வேறு. ஈரத்தோடு அதற்கு என்ன உறவு என்று என்னைக் கேள்.

அம்மா: அடுப்பங்கரையில் வைத்து அடித்தால்? அங்கு மட்டும்தான் வீட்டில் சூடு இருக்கிறது.

பெரியப்பா, அருவங்காடு: தின்னர் ஆவியும் அடுப்பு நெருப்பும் ஒரே அறையிலா? இப்போதுதான் வெடிமருந்து என்று எழுதி முடித்தேன்.

மணி மாமா, மேட்டுப்பாளையம்: அடுப்பங்கரையும் வேண்டாம், வராந்தாவும் வேண்டாம். கழற்றி என்னிடம் அனுப்பிவிடு கவிதா. கீழே வெயில் இருக்கிறது. டப்பா பெயின்ட் இந்த வேலைக்கு நிற்காது. கதவில் அடித்தால் தொட ஆள் இல்லை. ஸ்டியரிங்கில் நாள் முழுக்கக் கை வியர்வை, எண்ணெய், மோதிர உரசல். ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் 2கே பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட்தான் தாங்கும். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்கு ஆகாது. வீட்டில் அடிக்கும் சரக்கு இல்லை அது. நானே உரிய முகமூடி போட்டு, தனி அறையில்தான் அடிப்பேன்.

கவிதா: கழற்றுவது கடினமா மாமா? நட்டைத் திருகிவிட்டுச் சுத்தியலால் தட்டினால் வருமா?

மணி மாமா, மேட்டுப்பாளையம்: சுத்தியல் என்ற சொல்லே வரக் கூடாது. ஷாஃப்டின், அதாவது ஸ்டியரிங் மாட்டியிருக்கும் தண்டின், தலையில் அடித்தால் அந்த அடி நேராகக் கீழே ஸ்டியரிங் பெட்டியின் பேரிங்குக்குப் போகும். இப்படிச் செய். முன்சக்கரங்களை நேராக வைத்துக்கொள். பாட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடு, இல்லாவிட்டால் ஹாரன் அலறிக்கொண்டே இருக்கும். ஹாரன் மூடியை எடுத்ததும் நட்டு தெரியும். அதைத் தொடும் முன் ஷாஃப்டிலும் நடுக்குமிழிலும் ஒரே நேர்க்கோடாக ஒரு கீறல் போடு. திரும்ப மாட்டும்போது அந்தக் கோடுதான் உன்னைக் காப்பாற்றும். நட்டை முழுக்கக் கழற்றாதே. இரண்டு மூன்று மரை மிச்சம் இருக்கட்டும். பிறகு புல்லர் என்ற இழுக்கும் கருவியைப் போட்டு இழு. எத்தனையோ வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்டியரிங் விடும்போது சட்டென்று விடும். நட்டு இல்லாமல் கையால் இழுத்துக்கொண்டிருந்தால் நேராக உன் மூக்குக்கு வரும்.

கவிதா: புல்லர் நம் தெரு மெக்கானிக்கிடம் இருக்கிறது. நாளை அவரையும் வரச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

கவிதா: [படம்] கழன்றுவிட்டது. டொக் என்ற சத்தத்தோடு வந்தது. நட்டு இல்லையென்றால் மூக்கு போயிருக்கும் மாமா.

கவிதா: [படம்] ஹாரன் மூடிக்கு அடியில் வெயிலே படாத பகுதி. நிறம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்.

மணி மாமா, மேட்டுப்பாளையம்: அருமை. அந்த இடத்தைத் துடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். பெயின்ட் கலப்பவரிடம் அதைத்தான் காட்டப் போகிறேன். தந்த நிறம் என்று வாயால் சொன்னால் ஒவ்வொருவர் மனத்தில் ஒரு நிறம். போன் படத்தை நம்பியும் கலக்க முடியாது. பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கோத்தகிரி அத்தை: மலைரயிலில் அனுப்பிவிடேன் கவிதா. அழகாக இருக்கும்.

கவிதா: மண்சரிவால் ரயில் நின்றிருக்கிறது அத்தை. பிரபு நாளை பஸ்ஸில் கோவை போகிறான். அவனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

கோத்தகிரி அத்தை: ஸ்டியரிங்கை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதே பிரபு. பஸ் டிரைவர் தவறாக நினைத்துக்கொள்வார்.

பிரபு: வளைவுகளில் நானும் சேர்ந்து திருப்பிப் பழகலாம் என்று இருந்தேன் அத்தை.

வியாழக்கிழமை

மணி மாமா, மேட்டுப்பாளையம்: [படம்] வேலை நடக்கிறது. பழைய கறுப்பை 320 வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுத்தாகிவிட்டது. ஸ்போக் அருகே விரிசல்கள் நான் நினைத்ததைவிட ஆழம். விரிசலின் மேல் அப்படியே பட்டி வைத்தால் மறுபடி வெடிக்கும். அதனால் ஒவ்வொன்றையும் V வடிவில் அகலக் கீறி, உள்ளே இருந்த துருவைச் சுரண்டி, எபாக்சி என்ற இறுகும் பசையை அடைத்திருக்கிறேன். அது இறுகச் சூடு வேண்டும். குன்னூர்க் குளிரில் அசமந்தமாகக் கிடந்திருக்கும். இங்கே தகரக் கூரையின் கீழ் நன்றாக இறுகிவிட்டது. இனி 600 பேப்பர், பிளாஸ்டிக் பிரைமர், அதன் மேல் நிறம். மெல்லிய பூச்சாகத்தான் அடிப்பேன். தடிமனாக அடித்தால் வளையத்தின் அடியில் வழிந்து சொட்டு நிற்கும். ஓட்டும்போது விரல் அங்கேயே போய்த் தடவிக்கொண்டிருக்கும்.

கவிதா: மாமா, கண்ணாடி போலப் பளபளப்பாக வேண்டும்.

மணி மாமா, மேட்டுப்பாளையம்: வேண்டாம். பர்லியாறு தாண்டி வியர்த்த கையோடு திருப்பும்போது பளபளப்பு வழுக்கும். வெயில் நேரத்தில் வெளிர் நிறத்தின் பளபளப்பு முன்கண்ணாடியிலும் தெரியும், கண்ணை உறுத்தும். பாதிப் பளபளப்பில் நிறுத்துகிறேன். பழைய படத்தில் பார்த்ததும் அப்படித்தான் இருந்தது.

அண்ணி: நடுவில் ஒரு கேள்வி சித்தப்பா. எங்கள் புதுக் காரின் ஸ்டியரிங் தோலும் அங்கங்கே வெளுத்திருக்கிறது. இதே பெயின்டை அதற்கும் அடிக்கலாமா?

மணி மாமா, மேட்டுப்பாளையம்: கூடாதம்மா. தோல் வளையும், இந்தப் பெயின்ட் வெடித்துவிடும். தோலுக்கென்று நீர் கலந்த சாயம் வருகிறது. அழுக்கும் எண்ணெயும் போகத் துடைத்து, ஸ்பாஞ்சால் மெல்லிய பூச்சாக ஒற்றி, கடைசியில் மேல்பூச்சு கொடுக்க வேண்டும். ஆனால் வளையத்தோடு நிறுத்திவிடு. 2019 ஜூலையிலிருந்து தயாரான கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அது நடு மூடிக்குள்தான் இருக்கிறது. அந்த மூடி குறித்த இடத்தில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டது. அதன் மேல் பெயின்டோ சாயமோ ஒட்டுத்தாளோ வேண்டாம். கழற்றவும் முயலாதே.

அண்ணி: வளையத்தோடு நிறுத்திவிடுகிறேன்.

அடுத்த வாரம், சனிக்கிழமை

மணி மாமா, மேட்டுப்பாளையம்: [படம்] தயார். அடித்த மறுநாளே தொட முடிந்தது. ஆனாலும் முழுக்க இறுகட்டும் என்று ஒரு வாரம் தொங்கவிட்டிருந்தேன். அந்த நாட்களில் மோதிரக் கையோடு பிடித்தால் தடம் விழும்.

அம்மா: நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கறுப்பு...

கவிதா: அம்மா!

கோத்தகிரி அத்தை: எங்கள் அப்பா ஓட்டிய நிறம். நான் மணியைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கம்பளி உறை பாதி பின்னியாகிவிட்டது, அதை என்ன செய்வது?

பெரியப்பா, அருவங்காடு: எனக்குக் கொடு. வெந்நீர்ப் பைக்குப் போட்டுக்கொள்கிறேன்.

மணி மாமா, மேட்டுப்பாளையம்: கவிதா, பிரபுவிடம் கொடுத்தனுப்புகிறேன். கீறல்களை நேராக வைத்து மாட்டு. நட்டை மெக்கானிக்கையே இறுக்கச் சொல், பூட்டு வாஷரை மறக்க வேண்டாம். கொஞ்ச தூரம் சமதளத்தில் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கிப் பார். அதன் பிறகுதான் மலைப்பாதை. சானிடைசர் போட்ட ஈரக் கையோடு பிடிக்காதே. துடைக்க ஈரத் துணியும் கொஞ்சம் சோப்பும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை

கவிதா: [படம்] மாட்டியாகிவிட்டது. வண்டி நேராகப் போகும்போது ஸ்போக்கும் நேராக நிற்கிறது. வெலிங்டன் வரை போய்வந்து நட்டை மறுபடி பார்த்தோம், அசையவில்லை. ஹாரனும் அடிக்கிறது. கை சுத்தமாக இருக்கிறது மாமா, மிக்க நன்றி. பெயின்ட் செலவு எவ்வளவு என்று சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்.

மணி மாமா, மேட்டுப்பாளையம்: பணம் வேண்டாம். வரும்போது நல்ல தேயிலைத்தூள் ஒரு கிலோ கொண்டு வா.

பிரபு: அக்கா, ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும் கியர் கம்பியின் குமிழ் இப்போது கறுப்பாக அசிங்கமாகத் தெரிகிறது. அதையாவது சிவப்பாக...

பெரியப்பா, அருவங்காடு: மழை நிற்கட்டும். தை பிறந்த பிறகு பேசலாம்.