புதுப்பிப்பு: கீட்டோன் பட்டை ஊதாவாக மாறாதது ஏன்?

மாவுச்சத்து குறைந்த பேலியோ உணவை விடாமல் தொடர்ந்தும், கீட்டோனைக் காட்டும் சிறுநீர்ப் பட்டையில் ஊதா நிறம் வருவது நின்றுவிட்டதே, கீட்டோசிஸ் (உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற பொருளை உண்டாக்கும் நிலை) போய்விட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி ரத்தக் கீட்டோன் மீட்டரில் பார்த்தேன். மாலையில் லிட்டருக்கு 1.1 மில்லிமோல். உணவுவழிக் கீட்டோசிஸுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 0.5 முதல் 3 வரை. சரி, போகவில்லை!

பட்டைக்குத் தெரிவது அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோன் மட்டும்தான். மீட்டர் அளப்பது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற இன்னொரு வகை. கீட்டோசிஸில் ரத்தத்தில் அதிகம் இருப்பது அதுதான். உடம்பு பழகப் பழக, சிறுநீரில் வீணாகும் கீட்டோன் குறையலாம். நிறைய தண்ணீர் குடித்தாலும் பட்டை வெளிறும். மீட்டர் பட்டையின் விலைதான் கசக்கிறது, அதனால் எப்போதாவது மட்டும் பார்க்கிறேன்.

மீட்டர் காட்டும் அளவை ஏற்றக் கூடுதல் வெண்ணெய் சாப்பிடும் யோசனையை எடுத்துக்கொள்ளவில்லை. தின்ற கொழுப்பிலிருந்தும் கீட்டோன் வரும். தொப்பை கரைகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

அப்புறம், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை பற்றிக் கேட்டவருக்கு: அந்த வகை மருந்தில் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் மிஞ்சி ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) வரலாம். டாக்டரிடம் கேட்காமல் மாவுச்சத்தைக் குறைக்காதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.