பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடை எப்படிக் காப்பாற்றுவது?

எல்லோருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஆறு முதல் பத்து வரை வகுப்புகள், பி.டி.க்கு நான் ஒருவன்தான்.

பள்ளி முழுமைக்குமான உடற்பயிற்சிக் கொள்கை ஒன்றை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். ஜூனில் தொடங்கினேன், இன்னும் முடியவில்லை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பத்தாம் வகுப்புக்கு வாரத்தில் இருக்கும் இரண்டு பீரியடும் காலாண்டுத் தேர்வுக்கு அப்புறம் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகின்றன. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

வராந்தாவில் பாண்டிக் கட்டம் வரைந்தோம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் விடுவதேயில்லை. எட்டுக்கு மேல் பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வருவதில்லை. கேட்டால், பையன்கள் கிரிக்கெட் ஆடி இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள் என்கிறார்கள். அதனால் கிழக்குப் பாதியை அவர்களுக்கே ஒதுக்கினோம், இப்போது எறிபந்து நடக்கிறது. மாலையில் ஆட வைக்கலாம் என்றால் பாதிப்பேர் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசினேன். பெற்றோர் தலையாட்டினார்கள், ஆனால் "பத்தாவது மட்டும் வேண்டாம் சார்" என்று முடித்துவிட்டார்கள்.

உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியட் ஆண்டு முழுக்க நிற்கிறது என்றால், கொள்கையில் அதற்கான விதியை எப்படி எழுதி மற்ற ஆசிரியர்களை ஒப்புக்கொள்ள வைத்தீர்கள்?