குளத்தை உயிர்த்தெழுப்பக் கேட்ட மனு: ஆங்கிலச் சொல்லில் வழுக்கிய அனுபவங்கள்

தக்கலைப் பக்கம், தொடங்கியவர்:

எங்கள் ஊர்க் குளம் ஆகாயத்தாமரை மூடி, தண்ணீர் இருப்பதே தெரியாமல் கிடந்த காலம். அப்போது இருந்த அதிகாரி வடநாட்டுக்காரர், தமிழ் அவ்வளவாக வராது. "நீதான் இங்கிலீஷ் மீடியம் படிச்சவன், எழுது மக்கா" என்று இளைஞர் மன்றத்தில் என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதினேன். முதல் பத்தியிலேயே, மீண்டும் உயிர்ப்பித்தல் என்று பொருள்படும் 'ரிவைவ்' மூன்று தடவை வந்துவிட்டது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டால் பள்ளியில் மார்க் குறைப்பார்கள், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இணையத்தில் மாற்றுச் சொல் தேடினேன், வரிசையாகக் கொட்டியது. அதில் கம்பீரமாகத் தெரிந்த ஒன்றை எடுத்துப் போட்டேன்: குளத்தை 'ரெசரெக்ட்' செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அதிகாரி படித்தார், ஒன்றும் சொல்லாமல் மீசைக்குள் சிரித்தார். பக்கத்தில் நின்ற கிளார்க்தான் கேட்டார்: "சாரே, குளத்தை அடக்கம் பண்ணி மூணு நாளாச்சோ?"

ஈஸ்டர் கொண்டாடுகிற நம் குமரி மாவட்டத்தில் இது புரியாமல் போகுமா? கல்லறையிலிருந்து எழுந்து வருவதற்கான சொல் அது. லத்தீன் வேரே 'மறுபடி எழு' என்பதுதான். ஒழிந்தது என்று கைகழுவிய பழைய திட்டத்தை யாராவது தோண்டி எடுத்தால் அதற்குச் சொல்லலாம். தூர்வார வேண்டிய குளத்துக்கு, பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்ற 'ரெஸ்டோர்' போதும். 'ரிவைவ்' கூடத் தப்பில்லை. மூன்று தடவை வந்தால் என்ன, மனுவுக்கு யார் மார்க் போடப் போகிறார்கள்? 'ரீஜுவனேஷன்' என்றும் ஒன்று உண்டு, 2015-இல் வந்த அம்ருத் என்ற மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டத்தின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அதன் வேர் இளமை. குளத்துக்கு வயதைக் குறைப்பதாம்! எனக்கென்னவோ பவுடர் பூசிவிட்ட மாதிரிதான் படுகிறது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

மார்த்தாண்டம், இப்போது வளைகுடாவில் நர்ஸ்:

எனக்கு இது வேலையிலேயே வந்தது. சேர்ந்த புதிது. வார்டில் ஒரு பெரியவருக்கு இதயம் நின்று, நெஞ்சை அமுக்கி மூச்சும் கொடுக்கும் சி.பி.ஆர். கொடுத்துத் துடிப்பு திரும்பி, ஐ.சி.யூ.வுக்கு மாற்றினோம். கை நடுக்கம் தீராமலே நோட்ஸில் 'பேஷண்ட் ரிவைவ்ட்' என்று எழுதிவிட்டேன். கோட்டயத்துக்கார சீனியர் சேச்சி பேனாவைப் பிடுங்காத குறை. "மோளே, தலைசுற்றி விழுந்தவர் முகத்தில் வெள்ளம் தெளிச்சு எழுப்பினா இதை எழுது. இவருக்கு நீ என்ன செய்தாய்?"

செய்தது ரிசஸிடேஷன். சி.பி.ஆரின் கடைசி எழுத்தே அதுதான், தினமும் சொல்லியும் உறைக்கவில்லை. பயிற்சியில் பொம்மையின் நெஞ்சை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 30 அமுக்கலுக்கு 2 மூச்சு என்று முழங்கால் தேய எண்ணியிருக்கிறேன். 'டிக்' என்று சத்தம் வந்தால்தான் ஆழம் சரி. அத்தனை பாடும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. 'ரிவைவ்ட்' என்றால் எழுந்தார் என்று மட்டும்தான் தெரியும், நாம் பட்ட பாடு தெரியாது.

இன்னொன்று. ரிசஸிடேஷன் செய்தோம் என்றால் பிழைத்தார் என்று அர்த்தமில்லை. செய்தும் போனவர்கள் உண்டு. அதனால் துடிப்பு எத்தனை மணிக்குத் திரும்பியது என்பதைத் தனியாக எழுத வேண்டும். இதயம் நின்றால் அமுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் டி.என்.ஆர். ஆணையிலும் அந்த 'ஆர்' இதேதான். அங்கே 'ரிவைவ்' என்று மாற்றிப் பாருங்கள், மயங்கி விழுந்தால்கூட எழுப்பாதே என்பது போல இருக்கும்.

குளச்சல், பாலிசி ஏஜெண்ட்:

எங்கள் இன்சூரன்ஸ் தொழிலில் 'ரிவைவல்'தான் ராஜா. இங்கே மேற்குக் கரையில் ஜூன், ஜூலை விசைப்படகுத் தடைக்காலம். கையில் காசு இருக்காது, பிரீமியம் நிற்கும், சலுகை நாளும் தாண்டினால் பாலிசி லாப்ஸ், அதாவது காலாவதி. வருகிறவர்கள் எல்லாரும் 'ரினியூ பண்ணணும்' என்பார்கள். ரினியூவல் என்றால் ஓடிக்கொண்டிருப்பதை விடாமல் கட்டித் தொடர்வது. நின்றுபோனதை ஓட வைப்பது ரிவைவல். பாக்கி, வட்டி, உடல்நல உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். இப்போது விற்கிற சாதாரண பாலிசிக்கு, முதலில் கட்டாமல் விட்ட தேதியிலிருந்து 5 வருஷம் வரை அதற்கு வாய்ப்பு உண்டு, பங்குச்சந்தை முதலீட்டோடு சேர்ந்த யூலிப் பாலிசிக்கு 3 வருஷம். ஒரு அண்ணன் ஒரே ஒரு தவணைப் பணத்தோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "உயிரோட இருக்கப்பட்ட எனக்கு எதுக்குடே ரிவைவல்?" என்று ஒரே வெப்ராளம்.

நாகர்கோவில்:

2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்த பிறகு எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. வந்த அன்றைக்கு, வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு 'பவர் ரெஸ்டோர்ட், அப்பா ரிவைவ்ட்' என்று மெசேஜ் போட்டேன். புழுக்கத்தில் சுருண்டு கிடந்த மனுஷன் ஃபேன் ஓடியதும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார், அவ்வளவுதான் விஷயம். தம்பி பதறிப்போய் போன் செய்து, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான்.

தக்கலைப் பக்கம், மறுபடியும்:

ஃபேன் காற்றில் எழுந்த அப்பாவுக்கு 'ரிவைவ்ட்' சரியான சொல்தான், தம்பிக்குத்தான் ஆகவில்லை!

போன வாரம் என் மகள் 'ரீகிண்டில்' என்றால் என்ன என்று கேட்டாள். அம்மா அடுப்படியில் சாம்பலைத் தள்ளி, கீழே கிடந்த கனல் மேல் கொதும்பு (தென்னம்பாளையின் காய்ந்த மடல்) வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். அதைத்தான் காட்டினேன். பழைய சிநேகம், விட்டுப்போன பாட்டு வகுப்பு, இதற்கெல்லாம் அந்தச் சொல்லைப் போடலாம். குளத்துக்குப் போட்டுவிடாதீர்கள்.

மனு என்ன ஆச்சு என்று தனியாகக் கேட்டவருக்கு: 'ரெஸ்டோர்' என்று திருத்திக் கொடுத்தோம், கிடப்பில் போனது. ஒன்றரை வருஷம் கழித்து வேறொரு அதிகாரி வந்து, அலமாரி அடித்தட்டிலிருந்து கரையான் மண்ணோடு அந்த ஃபைலை எடுக்கவைத்தாராம். கிளார்க் போன் செய்தார்: "சாரே, அந்தச் சொல்லை இப்ப எழுதலாம்."