சிலைட்டில் தோல், தாளில் களம்: ஸ்பொட்டில் கோட்டைவிட்டவர்கள் வாங்க

வாவிக்கரை

மூன்று வருடமாகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. மேசைக்கு மேசை நுணுக்குக்காட்டி வைத்து நடத்துகிற ஸ்பொட் சோதனை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: மணி அடித்தால் நகர வேண்டும், சிலைட்டைத் தொடக் கூடாது. 11ஆவது மேசை. பொயின்ரர், அதாவது இடம் காட்டும் ஊசி, படைகொண்ட செதின் மேலணியில் (மேலே தட்டைக் கலங்களோடு அடுக்கடுக்காக மூடிய இழையம்) நின்றது. இழையம் எது, உறுப்பு எது, ஒரு காரணம் தருக. இழையத்தை எழுதிவிட்டேன். உறுப்புக்குத்தான் கை நின்றது. மயிர்ப்புடைப்பு இல்லை, நெய்ச்சுரப்பி இல்லை. மேலே கெரற்றின் படை பாதிக்கு மேல் உரிந்து போய், ஒரு பக்கம் மட்டும் காய்ந்த வெங்காயச் சருகு மாதிரித் தொங்கியது. வெட்டும்போது கிழிந்திருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, "களம்" (உணவு இறங்கும் குழாய்) என்று போட்டேன்.

இடப்பக்கம் கீழ்மூலையில் ஒரு சின்ன வட்டம். கருஊதாக் கருக்கள் இரண்டு வரிசை, நடுவில் ஓட்டை. அதைப் பார்த்துக்கொண்டேதான் களம் என்று எழுதினேன், அதுதான் கொடுமை. வெளியே வந்து மாடிப்படியில் மூன்று படி இறங்கியிருப்பேன், கால் நின்றுவிட்டது. வியர்வைக்கான், வியர்வைச் சுரப்பியின் குழாய்! பின்னால் வந்தவள், "என்னகா, பேயடிச்ச மாதிரி நிக்கிறாய்?" என்றாள். மறுகா அவள் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவேயில்லை. கேட்கப் பயம்.

படுவான்கரை வாத்தியார்

தங்கச்சி, நீங்கள் எழுதியது பிழை என்றாவது உங்களுக்குத் தெரிந்தது. நான் பிழைக்கு "மிக நன்று" போட்டவன்.

எங்கள் பாடசாலையில் இருந்த நுணுக்குக்காட்டி அடியில் கண்ணாடி வைத்த பழைய வகை. மாரி தொடங்கினால் வெளிச்சத்துக்கு ஜன்னல் ஜன்னலாகத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். மற்றக் காலத்தில் மரஅலுமாரிக்குள் கிடக்கும், அந்தச் சுவர் எப்போதும் ஈரம். உயர்தரப் பிள்ளைகளுக்குத் தளர்வான தொடுப்பிழையம் காட்டினேன். ஒரு பிள்ளை வரைந்த படம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அகலமான கொலாஜன் நார்களுக்குக் குறுக்கே மயிரிழை போலக் கிளைவிட்டு ஓடும் மீள்தன்மை நார்கள், ஒவ்வொரு கிளையும் பென்சிலை ஒவ்வொரு முறையும் சீவிச் சீவி வரைந்தது போல. மீள்தன்மை நார் கிளைக்கும் என்பது பாடத்தில் இருக்கிறது, பிள்ளை அதைக் கண்ணால் கண்டிருக்கிறாள் என்று வகுப்புக்கே தூக்கிக் காட்டினேன்.

நாலைந்து மாதம் கழித்து ஆண்டு பத்துக்கு வெங்காயத் தோல் காட்டக் குனிந்தேன். அதே கிளை, அதே வளைவு. வெங்காயத்தில் என்ன மீள்தன்மை நார்? சிலைட்டை எடுத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் இருந்தது. கண்வில்லையைப் பிடித்து மெல்லச் சுழற்றினேன். நார்களும் கூடவே சுழன்றன.

பூஞ்சணம். வில்லைக்குள் குடும்பம் நடத்தியிருக்கிறது. அந்தப் பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் முடித்துப் போய்விட்டாள், கொப்பியும் அவளோடு போய்விட்டது.

கல்முனை எம்.எல்.ரி.

வாவிக்கரை தங்கச்சி மன்னிக்க வேண்டும், உங்கள் காரணமும் பிழை. கானைப் பார்த்துத் தோல் என்று சொல்ல ஒண்ணா. களத்திலும் சுரப்பி உண்டு, அதற்கும் கான் உண்டு, அதிலும் இரண்டு வரிசைக் கலம் வரும். கெரற்றினை மட்டும் நம்பினாலும் மாட்டிக்கொள்வீர்கள்: எலியின் களம் கெரற்றின் ஏறியது. பெட்டியில் வரும் சிலைட்டில் எந்தப் பிராணி என்று லேபிளில் இல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

என் கதை சின்னது. மருத்துவ ஆய்வுகூடத்தில் எம்.எல்.ரி.யாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோல் துண்டை மெழுகில் சரித்துப் புதைத்துவிட்டேன். சீவி எடுத்தால் மேற்றோலுக்கு நடுவே தொடுப்பிழையம் தீவு தீவாக நிற்கிறது. உட்தோலின் முளைகள் குறுக்கே வெட்டுப்பட்டால் அப்படித்தான் தெரியும். பெரிய சேர் பார்த்துவிட்டு, "இது என்ன, மாலைதீவா?" என்றார். அவ்வளவுதான்.

இனிப் படிக்கிற பிள்ளைகளுக்கு. முதலில் சிலைட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்து வெறுங்கண்ணால் பாருங்கள். ஒரு ஓரத்தில் ஊதாக் கோடு ஓடினால் அதுதான் மேலணி. பிறகு லோ பவர். எடுத்த உடனே 40 மடங்கு வில்லைக்குத் தாவுகிறவன் தோல் முழுவதையும் விட்டுவிட்டு ஒரு கருவோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பான். படைகொண்ட மேலணிக்குப் பெயர் வைப்பது மேல்படைக் கலத்தின் வடிவத்தைப் பார்த்து. அடியில் இருப்பது கனவடிவம்தான், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். மேல்படையில் கரு இருந்தால் வாய், களம் பக்கம் யோசியுங்கள், கரு இல்லாமல் சருகாகக் கிடந்தால் தோல். மேற்றோலின் அடிப் படையில் கபில நிறத் துகள்கள் தெரிகிறதா பாருங்கள். வெளிநாட்டுச் சிலைட்டில் அது மங்கலாக இருக்கும், நம் ஆட்களின் தோலில் கோடு கீறினது போலத் தெரியும். கீழே போனால் உட்தோலில் கொலாஜன் கட்டுகள் நாலா திசைக்கும் ஓடும். களத்தின் கீழே தசைப் படை வரும். தடித்த தோல் என்றால் உள்ளங்கை, உள்ளங்கால் மட்டும். முதுகுத் தோல் கைக்குத் தடிப்பாகத்தான் இருக்கும், ஆனால் மேற்றோல் மெல்லியது, ஆகவே சிலைட்டில் அது மெல்லிய தோல். இதில் வருடா வருடம் ஆட்கள் விழுகிறார்கள். இன்னொன்று, தசைநாணையும் மழமழப்பான தசையையும் குழப்புவது. இரண்டும் பிங்க், இரண்டிலும் நீட்டுக் கரு. தசையில் கரு கலத்துக்கு உள்ளே கொஞ்சம் கொழுத்து இருக்கும். தசைநாணில் நார்களுக்கு இடையே நசுங்கி, மெல்லிய கறுப்புக் கோடாக வரிசையில் கிடக்கும்.

அக்கரைப்பற்று

நானா, பொயின்ரர் வைத்த சிலைட்டைத் தொடக் கூடாது என்று வாவிக்கரை தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். எந்த வெளிச்சத்துக்குப் பிடிப்பது?

நான் காற்றுக்குமிழியைக் கொழுப்புக் கலம் என்று வரைந்தவன். கருவும் போட்டேன், ஒரு பக்கமாக ஒதுக்கி, மோதிரத்தில் கல் பதித்த மாதிரி. இல்லாத கரு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

கல்முனை எம்.எல்.ரி.

நான் சொன்னது பயிற்சிக்கு. குமிழியின் விளிம்பு தடித்த கறுப்பு வளையமாக இருக்கும், கொழுப்புக் கலத்தின் விளிம்பு நூல் போல இருக்கும். அதையாவது பார்த்திருக்கலாம்.

பழைய லாப்காரி

இளைப்பாறி வீட்டில் இருக்கிறேன். உங்கள் சண்டையைப் பார்த்ததும் ஒரு சிலைட் ஞாபகம் வந்தது.

வாவியில் வலை வீசுகிற மனிதர். சுருட்டு விரலில் சுட்டுப் புண்ணாகியிருந்தது, சுட்டது அவருக்குத் தெரியவில்லை. காது மடல் தடித்திருந்தது. பல இடத்தில் காட்டி, பல களிம்பு பூசி, ஒன்றரை வருடத்துக்குப் பிறகுதான் ஒரு துண்டுத் தோல் எங்கள் மேசைக்கு வந்தது. தொழுநோயாளர்களை வைத்திருந்த மாந்தீவுக்குப் படகு போய் வந்த ஊரில் அந்த நோயை யாரும் முதலில் நினைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை.

லோ பவரில் வைத்தேன். மேற்றோல் தட்டையாகி நாடா போலக் கிடந்தது. மேற்றோலுக்கும் உட்தோலுக்கும் இடையே இருக்கிற அந்த அலையலையான எல்லை இல்லை. அதன் கீழே ஒரு வெளிறிய பட்டி, வெறும் கொலாஜன், ஒரு கலம்கூட உள்ளே வரவில்லை. அதற்குக் கீழே நுரை நுரையாக வீங்கிய கலங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. புத்தகத்தில் படித்திருக்கிறேன், அன்றுதான் கண்டேன். கரைக்கும் கடலுக்கும் நடுவே சுத்தமான மணல் போல. அழகாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைப் பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

விசேட சாயம் போட்டபோது அந்த நுரைக் கலங்களுக்குள் சிவப்புக் கிருமிகள் கட்டுக் கட்டாக இருந்தன. சுருட்டுக் கட்டு மாதிரி என்றுதான் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். அவருடைய விரல் ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் கண்ணை எடுத்துவிட்டேன்.

மருந்து இலவசம், 12 மாதம். எடுத்திருப்பார். விரலில் உணர்வு திரும்பியதா என்று தெரியாது. நான் அழகு என்று சொன்னதுதான் உறுத்துகிறது.

வாவிக்கரை

அக்கா, உங்களதை இரண்டு தரம் வாசித்தேன்.

எம்.எல்.ரி. நானாவுக்கு: எலி இல்லை. அதே மேசையில் அதே சிலைட் அடுத்த பட்ச் பிள்ளைகளுக்கும் வந்ததாம், விடை மெல்லிய தோல்தான். நீங்கள் சொன்ன கபிலக் கோடு இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. கானைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் மேலே தொங்கிய சருகில் கரு இல்லை, அதுவும் கண்ணில் பட்டது. இரண்டையும் சேர்த்திருந்தால் போதும்.

முதல் வருடம்

இங்கே வாசிக்க மட்டும்தான் வருவேன். வாத்தியார் சேர் எழுதியதைப் பார்த்துவிட்டு இன்று லாப்பில் சும்மா கண்வில்லையைச் சுழற்றிப் பார்த்தேன். சுழன்றது, சேர். போன கிழமை அதே நுணுக்குக்காட்டியில் பார்த்து நான் ஐந்து படம் வரைந்து கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அதில் எது நார், எது பூஞ்சணம் என்று இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது?