நத்தார் மரத்துக்கான கைவேலைத் தொங்கல்கள்: கொழும்பின் ஈரக்காற்றைத் தாங்கும் பொருட்கள் எவை?

கொட்டாஞ்சேனை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஏழு வயது முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகள் படிக்கிறார்கள். இம்முறை நத்தார் மரத்துக்கான தொங்கல்களைக் கடையில் வாங்காமல், அவர்களுடன் சேர்ந்து நாங்களே செய்ய எண்ணியுள்ளோம். இணையத்தில் தேடினால், கோதுமை மாவையும் உப்பையும் பிசைந்து அவன் (oven) அடுப்பில் உலர்த்தும் முறையே திரும்பத் திரும்ப வருகிறது. அது குளிர்நாட்டு வீடுகளின் வறண்ட காற்றுக்குப் பொருந்தலாம். மார்கழி மழைக்குச் சுவரே வியர்க்கும் எங்கள் மண்டபத்தில், மூவிராசாக்கள் திருநாளான தை 6ஆம் திகதி வரை அவை தாங்குமா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மண்டபத்தில் அவன் வசதியும் இல்லை. எதைக் கொண்டு செய்வது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

வெள்ளவத்தை கைவினை

உங்கள் சந்தேகம் நியாயமானதே. காற்றிலுள்ள ஈரத்தின் அளவான சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது, கறியுப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கொழும்பிலோ காலையிலும் இரவிலும் பதன் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேயே நிற்கிறது. ஆகவே எத்தனை மணிநேரம் அவனில் வைத்து எடுத்தாலும், வார்னிஷ் படாத ஒரு சிறு இடம் இருந்தால் போதும். அதன் வழியே ஈரம் புகுந்து நட்சத்திரத்தின் முனை பிசுபிசுத்து வளைந்துவிடும்.

அப்பச்சோடாக் களியே எனது பரிந்துரை. இரண்டு கோப்பை அப்பச்சோடா, புடிங் தடிப்பாக்கப் பயன்படும் வெள்ளைச் சோளமா ஒரு கோப்பை, நீர் ஒன்றேகால் கோப்பை ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கைவிடாமல் கிண்டுங்கள். வெகுநேரம் பால்போலவே இருக்கும் கலவை திடீரென்று அடியிலிருந்து திரண்டு, மசித்த உருளைக்கிழங்கின் பதத்துக்கு வரும். அந்தக் கணத்திலேயே இறக்கிவிட வேண்டும். மேலும் காய்ச்சினால் உலரும்போது வெடிப்பு விழும். இந்த அடுப்பு வேலையை நீங்கள் வீட்டிலேயே முடித்து, களியை ஈரத்துணியில் சுற்றி மண்டபத்துக்குக் கொண்டுவரலாம். பிள்ளைகள் அதை அரை சென்ரிமீற்றர் தடிப்பில் உருட்டி, பிஸ்கட் அச்சால் வெட்டட்டும். தொங்கவிடும் துளையை ஈரமாக இருக்கும்போதே குளிர்பான உறிஞ்சுகுழலால் இட வேண்டும். உலரும்போது அதுவும் சற்றுச் சுருங்கும் என்பதால் ஈர்க்கால் குத்திய துளை போதாது. கம்பித் தட்டில் பரப்பி, மின்விசிறியின் கீழ் இடைக்கிடை புரட்டிவிட்டால், ஓரிரு நாளில் பீங்கான்போல் வெண்மையாகக் காய்ந்துவிடும்.

மட்டக்குளி வாசகர்

மேலே கூறிய களி அழகானதுதான். ஆயினும் கீழே விழுந்தால் உடையும் ஒரு பொருளைப் பிள்ளைகள் கூட்டத்தின் நடுவே ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எனது கேள்வி. ஜெர்மனியிலும் சுவீடனிலும் வைக்கோல் தண்டுகளால் நட்சத்திரம் கட்டுவார்கள். அதே முறையை நாம் தென்னை ஈர்க்கில் செய்யலாம். ஈர்க்கின் அடி தடிப்பாகவும் நுனி மெல்லியதாகவும் இருப்பதால், நடுப்பகுதியிலிருந்து மட்டும் ஒரே நீளத் துண்டுகளை நறுக்கி, அரைமணி நேரம் நீரில் ஊறவிடுங்கள். இரண்டு துண்டுகளைக் குறுக்காக வைத்து, அவற்றின் மேல் இன்னும் இரண்டைச் சாய்வாக வைத்து, நடுவில் சிவப்பு நூலை ஒரு ஈர்க்கின் மேலும் அடுத்ததன் கீழுமாகச் சுற்றி இறுக்கினால் எட்டுமுனை நட்சத்திரம் வந்துவிடும். பசையே தேவையில்லை.

கறுவாப்பட்டையிலும் இதைச் செய்யலாம், வாசனையும் இருக்கும். ஆனால் நம் நாட்டுக் கறுவா மெல்லிய பட்டைகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டது. அழுத்திப் பிடித்தால் நொறுங்கும். பெரிய பிள்ளைகளிடமே கொடுங்கள்.

புறக்கோட்டைப் பக்கம்

பொருட்கள் வாங்கக் கெய்சர் வீதிக்குச் செல்வதாயின், வார நாளில் காலையிலேயே சென்றுவிடுங்கள். மார்கழி நடுப்பகுதிக்குப் பின் அங்கே நடக்கவும் இடமிருக்காது. ரெஜிபோம் (தெர்மோகோல்) உருண்டைகள் வாங்கினால், ஒட்டுவதற்குப் பைண்டர் கம் மட்டும் பயன்படுத்துங்கள். செருப்பு ஒட்டும் பசையும் ஸ்பிரே பெயின்றும் ரெஜிபோமைக் கரைத்துக் குழி விழச் செய்யும். நீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம் பாதுகாப்பானது. வெள்ளிநிறம் வேண்டுமென்றால் வெறும் பால்மா பக்கற்றுகளைச் சேகரியுங்கள். அவற்றின் உட்புறத்தைக் கழுவித் துடைத்து, பட்டிகளாக வெட்டிச் சங்கிலியாகக் கோத்தால், பிரிஸ்டல் போர்ட்டைப் போல் ஈரத்தில் தொய்யாது.

கொட்டாஞ்சேனை ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. சிறியவர்களுக்குப் பால்மா பக்கற் சங்கிலியும், பெரியவர்களுக்கு ஈர்க்கு நட்சத்திரமும் என்று பிரித்துக்கொள்கிறேன். களியில் சிலவற்றை நானே செய்து பார்க்க விரும்புகிறேன். அவற்றை அடுத்த வருடம் வரை பாதுகாக்க முடியுமா?

வெள்ளவத்தை கைவினை

முடியும். நன்றாக உலர்ந்தபின் இரு பக்கமும், விளிம்பும், துளையின் உட்புறமும் விடாமல் வார்னிஷ் பூசுங்கள். பின்னர் தாளில் தனித்தனியாகச் சுற்றி, இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் ரின்னில் வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டையும் உள்ளே போட்டுவிடுங்கள். சோளமா சேர்ந்திருப்பதால் கரப்பான் தேடி வரும். அட்டைப்பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம்.